அட்ரீனல் கட்டி ஆபரேஷன்: பிபி நோயாளியை எதற்கு உப்பு சாப்பிடச் சொல்கிறார்கள்?

"என் அண்ணிக்கு 38 வயது. ஒரு வருடமாகத் திடீர் திடீரென்று தலைவலி, வியர்வை, படபடப்பு. பிபி சில நேரம் 200ஐத் தாண்டுகிறது, சில நேரம் சாதாரணமாக இருக்கிறது. ஸ்கேனில் வலப்பக்க அட்ரீனல் சுரப்பியில் 5 சென்டிமீட்டர் கட்டி. ஃபியோகுரோமோசைட்டோமா என்கிறார்கள். உடனே ஆபரேஷன் செய்யாமல், இரண்டு வாரத்துக்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாத்திரை போட்டதிலிருந்து மூக்கடைப்பு, எழுந்து நின்றால் தலைசுற்றல். போதாததற்கு, உப்பு தாராளமாகச் சேர்க்கச் சொல்கிறார் டாக்டர். பிபி இருப்பவருக்கு உப்பா? ஆபரேஷன் நடக்கும்போது பிபி ஏறினால் என்ன செய்வார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மயக்க மருந்து டாக்டர். உங்கள் டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டு வாரம் சும்மா காத்திருக்கும் நேரம் இல்லை, ஆபரேஷனின் முதல் பாதி அது. அதை ஒழுங்காக முடித்துவிட்டு வருபவர்களுக்கு மயக்கம் கொடுப்பதற்கும், முடிக்காமல் வருபவர்களுக்குக் கொடுப்பதற்கும் இருக்கிற வித்தியாசம் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும்.

சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பிதான் அட்ரீனல். அதன் உட்பகுதி அட்ரீனலினையும் நார்அட்ரீனலினையும் சுரக்கிறது. சாதாரணமாக இந்தச் சுரப்புக்கு நரம்புகளின் கட்டுப்பாடு உண்டு. நாய் துரத்தினால் சுரக்கும், நாய் போனதும் அடங்கும். கட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. தானாகச் சுரக்கும், அழுத்தினாலும் சுரக்கும். குனியும்போதோ வயிறு அழுந்தும்போதோ அண்ணிக்குப் படபடப்பு வந்திருந்தால் காரணம் இதுதான்.

நார்அட்ரீனலின் ரத்தக் குழாய்களை இறுக்கும். மாதக்கணக்கில் இறுகிக் கிடக்கும் குழாய்களுக்குள் அழுத்தம் அதிகம். "உள்ளே தண்ணீர் ரொம்ப இருக்கிறது" என்று உடம்பு தப்புக்கணக்குப் போட்டு, சிறுநீர் வழியாக உப்பையும் நீரையும் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் பிபி எகிறிக் கிடக்கும், ஆனால் குழாய்களுக்குள் ஓடும் திரவத்தின் அளவு குறைந்திருக்கும். பிபி நோயாளி என்று பார்த்தால் உப்பு தப்பு. உள்ளே வறண்டுபோன ஆள் என்று பார்த்தால் உப்பு மருந்து. அண்ணி இரண்டாவது வகை.

இந்த நிலையில் நேராகத் தியேட்டருக்குக் கொண்டுபோய்க் கட்டியை எடுத்தால் என்ன ஆகும்? தொடும்போதெல்லாம் பிபி 250க்கு ஏறும். எடுத்த நிமிடத்தில், இறுக்கிப் பிடித்திருந்த கை விட்ட மாதிரி எல்லாக் குழாய்களும் தளரும். நிரப்ப உள்ளே திரவம் இருக்காது. பிபி 60க்கு விழும். ஏற்றமும் இறக்கமும் ஒரே ஆபரேஷனில், சில நிமிட இடைவெளியில். மூளை ரத்தக்கசிவும் மாரடைப்பும் முதல் கட்டத்தின் பயம், ரத்த ஓட்டமே நின்றுபோவது இரண்டாம் கட்டத்தின் பயம்.

அதனால்தான் ஆல்ஃபா தடுப்பு மருந்து. அண்ணிக்கு வரும் மூக்கடைப்பைப் பார்த்தால் ஃபீனாக்ஸிபென்ஸமைனாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். வழக்கமாக 10 மில்லிகிராமில் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டே போவார்கள். ரத்தக் குழாய்களில் நார்அட்ரீனலின் வந்து ஒட்டும் இடங்களுக்கு ஆல்ஃபா என்று பெயர். அங்கே இது போய் நிரந்தரமாக உட்கார்ந்துகொள்ளும். உடம்பு புதிய ஒட்டுமிடங்களை உருவாக்கும்வரை, அதாவது சில நாட்களுக்கு, விளைவு நீடிக்கும். குழாய்கள் மெல்லத் திறக்கத் திறக்க, உப்பும் நீரும் உள்ளே நிரம்ப இடம் கிடைக்கும். மூக்கடைப்புக்குக் காரணம், மூக்கின் உள்சவ்வில் உள்ள குழாய்களும் திறந்துகொள்வதுதான். தொல்லைதான், ஆனால் மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட எளிய அடையாளம் இல்லை. வார்டு ரவுண்டில் "மூக்கு அடைச்சிருக்கா?" என்று கேட்டு, ஆமாம் என்றால் நாங்கள் சந்தோஷப்படுவோம். நோயாளிகள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதை அவசியம் அண்ணியிடம் சொல்லுங்கள். மூக்கடைப்புக்காக மெடிக்கல் ஷாப்பில் சளி மாத்திரை வாங்கிப் போட்டுவிடக் கூடாது. அவற்றில் பலவற்றில் ஃபினைல்எஃப்ரின் மாதிரி ரத்தக் குழாயை இறுக்கும் மருந்து இருக்கும். மூக்கைத் திறக்கும் சொட்டு மருந்துகளும் பெரும்பாலும் அதே வகை. வெறும் உப்புநீர்ச் சொட்டு போதும். வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைடும் ஆகாது, கட்டியைத் தூண்டிவிடும். ஸ்டீராய்டு ஊசியும் அப்படித்தான். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் "எனக்கு ஃபியோ இருக்கிறது" என்பதுதான் முதல் வாக்கியமாக இருக்க வேண்டும்.

ஃபீனாக்ஸிபென்ஸமைனுக்குப் பதிலாகப் பிரசோசின், டாக்ஸசோசின் கொடுக்கும் இடங்களும் உண்டு. நெதர்லாந்தில் 134 நோயாளிகளை வைத்து ஃபீனாக்ஸிபென்ஸமைனையும் டாக்ஸசோசினையும் ஒப்பிட்ட ஆய்வு 2020இல் வெளியானது. ஆபரேஷனின்போது பிபி எல்லை தாண்டிய நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஃபீனாக்ஸிபென்ஸமைன் குழுவில் ஏற்ற இறக்கம் கொஞ்சம் அடங்கியிருந்தது, அவ்வளவுதான். ஆகவே எந்த மாத்திரை என்பதற்காகக் கவலைப்பட வேண்டாம். பிரசோசினாக இருந்தால் மட்டும் முதல் மாத்திரையைப் படுக்கப் போகும்போது போட வேண்டும், முதல் டோஸுக்கே சிலர் மயங்கி விழுந்துவிடுவார்கள்.

உப்பு விஷயத்தில் இரண்டு நிபந்தனைகள். மாத்திரை தொடங்கி இரண்டு மூன்று நாள் ஆன பிறகுதான் உப்பைக் கூட்ட வேண்டும், அதற்கு முன்னால் அல்ல. இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. அண்ணிக்கு எக்கோ எடுத்துப் பார்த்திருப்பார்கள். இந்தக் கட்டி இதயத் தசையையே தளர்த்திவிடுவது உண்டு என்பதால் அது கட்டாயம். எக்கோ நன்றாக இருந்து டாக்டரும் சொல்லியிருந்தால் உப்புப் போட்ட மோர், ரசம், கஞ்சி, ஊறுகாய் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். வாழ்க்கையில் டாக்டரே ஊறுகாய் சாப்பிடச் சொல்வது இந்த இரண்டு வாரம் மட்டும்தான்.

அப்புறம் படபடப்பு. ஆல்ஃபா தடுப்பு தொடங்கிய பிறகு இதயத் துடிப்பு கூடினால் பீட்டா தடுப்பு மருந்தைச் சேர்ப்பார்கள். இந்த வரிசை மாறவே கூடாது: முதலில் ஆல்ஃபா, பிறகுதான் பீட்டா. அட்ரீனலின் தசைகளிலுள்ள குழாய்களை ஓரளவு திறந்து வைத்திருப்பது பீட்டா என்ற இன்னொரு வகை ஒட்டுமிடம் வழியாகத்தான். ஆல்ஃபாவை அடைக்காமல் பீட்டாவை மட்டும் அடைத்தால், திறக்கும் வழி மூடிப்போய் இறுக்கும் வழி மட்டும் மிஞ்சும். அழுத்தத்தை எதிர்த்துப் பம்ப் செய்ய வேண்டிய இதயமும் அதே மருந்தால் மந்தமாகியிருக்கும்.

நான் பயிற்சியில் இருந்த காலத்தில் குடலிறக்க ஆபரேஷனுக்கு ஒருவர் வந்தார். படபடப்புக்காக எங்கோ புரோபிரனலால் என்ற பீட்டா தடுப்பு மருந்து கொடுத்திருந்தார்கள், காரணத்தை யாரும் தேடவில்லை. நாங்களும் தேடவில்லை. தொண்டையில் குழாய் போட்ட நிமிடம் பிபி 260. சீனியர் ஓடி வந்து மயக்கத்தை ஆழப்படுத்தி, நைட்ரோகிளிசரின் ஓடவிட்டு, ஆபரேஷனே வேண்டாம் என்று நோயாளியை எழுப்பிவிட்டார். பிறகு எடுத்த ஸ்கேனில் இடது அட்ரீனலில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி. தெரியாத ஃபியோதான் ஆபத்தான ஃபியோ. உங்கள் அண்ணிக்கு அந்தக் கண்டம் தாண்டியாகிவிட்டது.

தயாராகிவிட்டாரா என்று எப்படி முடிவு செய்வது? 1982இல் ரோய்சன் என்ற மயக்க மருந்து டாக்டரின் குழு சொன்ன அளவுகோல்கள்தான் இன்றும் பலர் கையில். ஆபரேஷனுக்கு முந்தைய 24 மணி நேரத்தில் பிபி 160/90ஐத் தாண்டக் கூடாது. எழுந்து நிற்கும்போது பிபி இறங்க வேண்டும், ஆனால் 80/45க்குக் கீழே போகக் கூடாது. ஈசிஜியில் ஒரு வாரமாகப் புதுக் கோளாறு எதுவும் இருக்கக் கூடாது. 5 நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் தப்பித் துடிப்பு இருக்கக் கூடாது. எனவே அண்ணியின் தலைசுற்றலும் ஓர் அளவு வரை நல்ல அறிகுறியே. படுக்கையிலிருந்து எழும்போது கால்களைத் தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். வீட்டில் மெஷின் இருந்தால் உட்கார்ந்து ஒருமுறை, நின்று ஒருமுறை பிபி பார்த்து எழுதி வையுங்கள். அந்த நோட்டை மயக்க மருந்து டாக்டரிடம் காட்டினால் அவர் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவார்.

இதில் மாற்றுக் கருத்தும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரக் குழு ஒன்று, ஆல்ஃபா தடுப்பே கொடுக்காமல் பலருக்கு இந்த ஆபரேஷன் செய்து, பிபி ஏற்றத்தில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை என்று எழுதியிருக்கிறது. நான் அதை நம்புகிறேன். ஆனால் அவர்கள் இந்தக் கட்டியை நூற்றுக்கணக்கில் பார்த்தவர்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று மட்டும் பார்க்கும் இடத்தில் அந்தத் துணிச்சல் வேண்டாம் என்பது என் கட்சி.

சரி, ஆபரேஷன் நாளுக்கு வருவோம். உங்கள் கடைசிக் கேள்வி அதுதான்.

சாதாரணமாகக் கையில் கட்டும் பிபி பட்டை இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும். இங்கே அது உதவாது, அரை நிமிடத்துக்குள் 120 என்பது 220 ஆகிவிடும். அதனால் மணிக்கட்டுத் தமனிக்குள் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, ஒவ்வொரு துடிப்பின் பிபியையும் திரையில் பார்ப்போம். இதை மயக்கம் கொடுப்பதற்கு முன்பே, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டுப் போடுவது வழக்கம். கழுத்துச் சிரையில் இன்னொரு குழாய், மருந்துகளை நேராக இதயத்தருகே செலுத்துவதற்கு. அதை அண்ணி தூங்கிய பிறகு போடுவார்கள்.

பிபி துள்ளும் தருணங்கள் எங்களுக்கு முன்கூட்டியே தெரியும். தொண்டையில் குழாய் போடும்போது, ஆளைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்கும்போது, சிறு துளைகள் வழியாக ஆபரேஷன் செய்வதற்காக வயிற்றுக்குள் கரியமில வாயு ஏற்றும்போது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சர்ஜன் கட்டியைத் தொடும்போது. முதல் மூன்றுக்கும் மயக்கத்தை முன்னதாகவே ஆழமாக்கி வைப்போம், வாயு அழுத்தத்தைக் குறைவாக வைக்கச் சொல்வோம். நான்காவதுதான் அசல் பரீட்சை. எவ்வளவு நன்றாக மாத்திரை சாப்பிட்டு வந்திருந்தாலும் கட்டியைத் தொட்டால் பிபி கொஞ்சமாவது ஏறும். மாத்திரை அந்த ஏற்றத்தின் உயரத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது.

அப்போது முதல் மருந்து எது தெரியுமா? "சார், கையை எடுங்க." அதுதான். கட்டியை அழுத்துவதை நிறுத்திய சில நிமிடங்களில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும், ஏனென்றால் நார்அட்ரீனலினுக்கு ரத்தத்தில் ஆயுள் நிமிடக் கணக்குதான். எதிரி சில நிமிடங்களில் மறைந்துவிடுபவன் என்றால் நம் மருந்தும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆறு மணி நேரம் வேலை செய்யும் மருந்தைக் கொடுத்தால், ஏற்றம் முடிந்து இறக்கம் வரும்போது அதுவே ஆளைக் கவிழ்த்துவிடும். எனவே சிரிஞ்ச் பம்பில் நைட்ரோபுரஸைடோ நைட்ரோகிளிசரினோ ஓடும். நைட்ரோபுரஸைடு வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் சிரிஞ்சைக் கறுப்புத் தாள் சுற்றி வைத்திருப்போம். துடிப்பு கூடினால் எஸ்மலால், அதன் வேலையும் சில நிமிடங்களே. கர்ப்பிணிகளின் வலிப்புக்குக் கொடுக்கும் அதே மெக்னீசியம் சல்ஃபேட் இங்கேயும் பெரிய துணை. அது கட்டி சுரப்பதையும் குறைக்கும், குழாய்களையும் தளர்த்தும், விலையும் மலிவு. என்னைக் கேட்டால் இந்த ஆபரேஷனில் மெக்னீசியம் இல்லாமல் நான் உட்காரவே மாட்டேன்.

இதெல்லாம் நடக்கும்போது சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். "தொடப் போறேன்", "கொஞ்சம் பொறுங்க", "இப்ப தொடலாம்." பாட்டு ஓடும் தியேட்டர்களில்கூட ஃபியோ அன்றைக்குப் பாட்டை நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து வருவது கட்டியின் சிரை. அதற்குக் கிளிப் போட்டுவிட்டால் கட்டியின் சுரப்பு உடம்புக்குள் போகும் பாதை அடைபடும். இடப்பக்கத்தில் இந்தச் சிரை நீளமானது, சிறுநீரகச் சிரையில் போய்ச் சேரும், வேலை செய்ய இடம் உண்டு. அண்ணிக்கு வலப்பக்கம். அங்கே அது மிகக் குட்டையானது, உடம்பின் மிகப் பெரிய சிரையான கீழ்ப் பெருஞ்சிரையில் நேராகப் போய் முட்டும். அது கிழிந்தால் ரத்தம் ஆறாக ஓடும். எனவே அந்த இடத்தில் சர்ஜன் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டால் யாரும் அவசரப்படுத்த மாட்டோம்.

"கிளிப் போடப் போறேன்" என்றதும் எங்கள் பக்கத்தில் எல்லாமே தலைகீழாகும். பிபி குறைக்கும் பம்புகளை நிறுத்துவோம். டிரிப்பைத் திறந்துவிடுவோம், சொல்லப்போனால் அதற்கு அரை மணி முன்பே திரவத்தை நிரப்பத் தொடங்கியிருப்போம். கிளிப் விழுந்ததும் பிபி இறங்கத் தொடங்கும். மாதக்கணக்கில் நார்அட்ரீனலின் வெள்ளத்தில் கிடந்த குழாய்கள் சாதாரண அளவைக் கண்டுகொள்வதில்லை, போதாததற்கு நாம் கொடுத்த ஆல்ஃபா மாத்திரை இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அப்போது நாங்கள் பம்பில் ஏற்றும் மருந்து என்ன? அதே நார்அட்ரீனலின்! இரண்டு வாரமாக எதை எதிர்த்துச் சண்டை போட்டோமோ அதையே சொட்டுச் சொட்டாகக் கொடுப்போம். ஆல்ஃபா இடங்கள் அடைபட்டிருப்பதால் அது எடுபடவில்லை என்றால் வாசோபிரசின். அது வேறு கதவு வழியாகப் போய்க் குழாயை இறுக்கும்.

இந்தக் கட்டத்தில் ஒரு பொறி உண்டு. கிளிப் போட்டதும் பிபி விழும் என்று எல்லாரும் எதிர்பார்த்துக்கொண்டிருப்பதால், எங்கோ ரத்தம் கசிந்து விழும் பிபியையும் "அதுதான் ஃபியோவின் குணம்" என்று கடந்துவிடும் ஆபத்து இருக்கிறது. மாறாக, கிளிப்புக்குப் பிறகும் பிபி இறங்கவே இல்லையென்றால் இன்னொரு சிரையோ இன்னொரு கட்டியோ மிச்சம் இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து ஒரு நாளாவது ஐசியூவில் வைப்பார்கள், பயந்துவிடாதீர்கள். பிபிக்காக மட்டுமல்ல, சர்க்கரைக்காகவும்தான். கட்டியின் சுரப்பு இதுவரை கணையத்தின் இன்சுலினை அமுக்கி வைத்திருந்தது. கட்டி போனதும் இன்சுலின் பீறிட்டு வந்து சர்க்கரை தாழ்ந்துவிடலாம். மயக்கம் தெளியாத ஆளுக்குச் சர்க்கரை தாழ்ந்தால் வெளியே தெரியாது, பீட்டா மருந்து சாப்பிட்டிருந்தால் படபடப்புகூட வராது. அதனால் அடிக்கடி விரலில் குத்திப் பார்ப்பார்கள். ஒரு பக்கச் சுரப்பிதான் போகிறது என்பதால் மற்றது சமாளித்துக்கொள்ளும், ஸ்டீராய்டு மாத்திரை பொதுவாகத் தேவைப்படாது.

தயார்ப்படுத்திச் செய்யும் ஆபரேஷனில் இறப்பு விகிதம் இன்று 100க்கு 3க்கும் கீழே. 1926இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் ரூ என்பவரும், அதே ஆண்டு அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் சார்லஸ் மேயோவும் முதன்முதலாக இந்தக் கட்டியை வெற்றிகரமாக எடுத்தபோது ஆல்ஃபா தடுப்பு மருந்து என்று ஒன்று கிடையாது. மேயோவுக்கு வயிற்றைத் திறக்கும்வரை உள்ளே இருப்பது என்ன கட்டி என்றே தெரியாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1886இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்கில் 18 வயதுப் பெண் ஒருத்தி திடீரென்று இறந்துபோனாள். பிரேதப் பரிசோதனையில் இரண்டு அட்ரீனலிலும் கட்டி. மருத்துவ வரலாற்றில் இந்த நோயின் முதல் பதிவு அது. 120 ஆண்டுகள் கழித்து அவளுடைய குடும்பத்தின் இன்றைய தலைமுறையைத் தேடிப் பிடித்துச் சோதித்தபோது, ரெட் என்ற மரபணுவின் மாற்றம் அவர்களிடம் இருந்தது. 2007இல் அந்தத் தகவல் வெளிவந்தது. இந்தக் கட்டி வருபவர்களில் மூன்றில் ஒருவருக்காவது இப்படிப் பரம்பரைக் காரணம் இருக்கும். அண்ணிக்கு வயது 38தான். ஆபரேஷன் அவசரம் ஓய்ந்ததும் அவருக்கு மரபணுச் சோதனை செய்யலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதில் ஏதாவது தெரியவந்தால் உங்கள் அண்ணன் பிள்ளைகளையும் அண்ணியின் உடன்பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டியிருக்கும்.